உலக வறுமையும் மலையகப் பள்ளிப் பிள்ளைகளும்



உலகில் வறுமை ஏன் உண்டாயிற்று, சிலரிடம் செல்வம் குவியவும் பலரிடம் அது குன்றவும் காரணம் யாது என்னும் வினாக்கள், இன்று பல நாடுகளின் பாடசாலைகளில் பாடமாகவே நடத்தப்பட்டு வருகின்றன. 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வகுத்துக்கொண்ட 17 இலக்குகளுள் முதலாவது வறுமையை ஒழிப்பது. பத்தாவது ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. வளரும் தலைமுறை இவற்றை விளங்கிக்கொண்டாலன்றி இவ்விலக்குகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதை எவரும் ஒப்புவர்.

ஆனால், இப்பாடத்தைக் கொழும்பிலோ இலண்டனிலோ நடத்தும் ஆசிரியருக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு, ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் நடத்தும் ஆசிரியருக்கு உண்டு. அங்கே ஏழை என்பவன் பாடப்புத்தகத்தில் இருக்கிறான். இங்கே அவன் முதல் வாங்கில் அமர்ந்திருக்கிறான். காலையில் பெரட்டுக்குச் சென்ற தாயின் பிள்ளை அவன். வகுப்பறையின் சாளரத்தினூடே பார்த்தால், அவன் தாய் கொழுந்து பறிக்கும் மலையே தெரிகிறது. அவனிடம் வறுமையைப் பற்றிப் பேசுவது எப்படி? பேசாதிருந்தால் அவன் வாழ்வைக் கல்வி கண்டுகொள்ளவில்லை என்றாகும். பேசத் தெரியாமல் பேசினால் அவன் நாணித் தலைகுனிவான். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியுண்டா என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

பொதுவாக இப்பாடம் மூன்று தவறான வழிகளில் நடத்தப்படுவதைக் காணலாம். முதலாவது, வறுமையைத் தொலைதூர நாட்டுச் செய்தியாக்கிவிடுவது. ஆபிரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலப்படம் ஒன்றைக் காட்டி, அங்குள்ளோர் உணவின்றி வாடுகின்றனர் என்று கூறி முடித்துவிடுவர். இரண்டாவது, இரக்கத்தை மட்டும் ஊட்டுவது. இரக்கம் நல்ல குணமே. எனினும், இரங்கப்படுகிறவனாகத் தன்னையே காணும் பிள்ளைக்கு அது மருந்தாகாது. மூன்றாவது வழி மிகவும் நல்லெண்ணத்தோடு கையாளப்படுவது. ஆதலால் மிகவும் பரவியிருப்பது. “நன்றாகப் படி, படிக்காவிட்டால் நீயும் கூடை சுமக்க வேண்டியதுதான்” என்பதே அது. படிப்பில் ஊக்கம் பிறக்க வேண்டும் என்றே இப்படிச் சொல்லுகிறார்கள். ஆனால் பிள்ளையின் செவியில் விழுவது வேறு. தன் தாய் செய்யும் தொழில் இழிவானது, அவள் தோற்றுப்போனவள் என்பதே அவன் உள்ளத்தில் பதிகிறது. கொழுந்து பறிப்பது இழிவான தொழிலன்று; விரல்களின் விரைவும் கண்ணின் தேர்ச்சியும் வேண்டும் நுண்தொழில் அது. அத்தொழிலுக்குக் கிடைக்கும் ஊதியமும், அதைச் செய்வோர்க்கு வாய்த்த வீடும், வழங்கப்பட்ட உரிமையுமே குறைந்தவை. தொழில் வேறு, அத்தொழிலுக்கு உலகம் இட்ட விலை வேறு. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், உலக வறுமையைப் பற்றிய கல்வியில் பாதியை அவன் கற்றுவிட்டான் எனலாம்.

இனி, நேரிய வழி யாது? பிள்ளைக்கு நன்கு தெரிந்த பொருளிலிருந்து தொடங்கி, அவனுக்குத் தெரியாத உலகத்துக்கு அவனை அழைத்துச் செல்வதே அது. மலையகத்தில் அப்பொருள் கொழுந்தேயன்றி வேறில்லை.

ஏழாம் எட்டாம் வகுப்பு மாணாக்கர் செய்யக்கூடிய ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ பச்சைக் கொழுந்து பறிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்தை வாடவைத்து, அரைத்து, நிறம் மாறவிட்டு, உலர்த்திச் சலித்தால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். எனவே 18 கிலோ கொழுந்து 4 கிலோ தேயிலையாகிறது. கடைகளில் விற்கப்படும் தேயிலைப் பை ஒன்றில் பெரும்பாலும் 2 கிராம் தூள் இருக்கும். அப்படியானால் 4 கிலோவில் 2000 பைகள். அதாவது 2000 கோப்பைத் தேநீர். ஒரு தாயின் ஒரு நாள் உழைப்பு, உலகின் ஏதோ ஓர் ஊரில் 2000 பேருக்குக் காலைத் தேநீராகிறது என்பது இக்கணக்கின் முதல் விடை. இவ்விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருக்கலாம். தன் தாய் 2000 பேருக்குத் தேநீர் தருபவள் என்பதை அதற்கு முன் எந்தப் பிள்ளையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்தது கூலிக்கணக்கு. 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாளொன்றுக்கான அடிப்படைக் கூலி 1350 ரூபா என அரசாங்க வர்த்தமானியின் வாயிலாக நிர்ணயிக்கப்பட்டது. 1350 ரூபாவை 2000 கோப்பைகளுக்குப் பங்கிட்டால், ஒரு கோப்பைக்கு 67½ சதம். கூலி மாறும்போது மாணாக்கர் அந்தந்த ஆண்டின் தொகையை இட்டுக் கணக்கைத் திரும்பவும் செய்து பார்க்கலாம். பின்னர் ஹற்றன் நகரத் தேநீர்க் கடையில் ஒரு கோப்பையின் விலை என்ன, கொழும்பு விடுதியில் என்ன, கடல் கடந்த நாடுகளில் என்ன என்று விசாரித்து அருகருகே எழுதட்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர் நடுநிலை தவறலாகாது. 67½ சதம் போக எஞ்சிய தொகை முழுவதையும் யாரோ ஒருவர் பறித்துக்கொண்டார் என்று கூறிவிடுவது எளிது, அது உண்மையன்று. உரமும் விறகும் மின்சாரமும் தொழிற்சாலையும் செலவு கேட்கின்றன. கப்பற்கூலி உண்டு, பொதி கட்டும் செலவு உண்டு, விளம்பரமும் வரியும் கடைக்காரரின் ஆதாயமும் உண்டு. தொழிலாளி ஒருவர் பறிக்கும் அளவு உயராமல் கூலியை மட்டும் உயர்த்த முடியாது என்று தோட்டக் கம்பெனிகள் வாதிக்கின்றன. பழைய செடிகளை மாற்றி நடாமலும் மலைகளைச் சரிவரப் பேணாமலும் விட்டுவிட்டுப் பறிக்கும் அளவைக் கேட்பது நியாயமா என்று தொழிலாளர் தரப்பு வினவுகின்றது. இரு வாதங்களையும் மாணாக்கர் முன் வைத்து, அவர்களையே ஆராயச் செய்வதுதான் கல்வி.

விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்னும் வினா இதிலிருந்து தானாகவே பிறக்கும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த இலண்டன் ஏலம் 1998 ஆம் ஆண்டில் முடிவுற்றது. கென்யா நாட்டின் மொம்பாசாத் துறைமுகத்திலும் ஏலம் நடைபெறுகின்றது. ஏலத்தில் விலை கூறுவோர் வாங்குவோரே. பறித்தவளோ, அந்தத் தேயிலை எந்த விலைக்குப் போயிற்று என்பதைக்கூட அறியாள். தேயிலை பறிக்கப்பட்ட இடத்திலேயே விளைபொருளாக விற்கப்படுகிறது. கலவை செய்து, பெயர் சூட்டி, அழகிய பெட்டியில் அடைத்து விற்கும் இடத்திலோ அதன் மதிப்புப் பன்மடங்காகிறது. கோப்பியும் கொக்கோவும் பருத்தியும் விளையும் நாடுகளிலும் இதே நிலைமைதான். விளைவிக்கும் நாடு ஏழையாகவும் விற்கும் நாடு செல்வமுடையதாகவும் இருப்பதன் காரணங்களுள் ஒன்றை நுவரெலியாப் பிள்ளை தன் தோட்டத்து நிறுவைத் தராசிலிருந்தே கண்டுகொள்ள இயலும்.

இரண்டாவதாக, வறுமை என்பதும் ஏற்றத்தாழ்வு என்பதும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்க வேண்டும். இதற்கு ரொட்டிக் கணக்கு ஒன்று உதவும். ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு 20 ரொட்டிகள். ஆளுக்கு நான்காகப் பகிர்ந்தால் எல்லோரும் சமம். அதே 20 ரொட்டிகளை 1, 2, 3, 4, 10 என்று பகிர்ந்தாலும் சராசரி நான்குதான். ஆயினும் முதலாமவன் பசித்திருக்கிறான். இப்போது ரொட்டிகள் 40 ஆகின்றன. பங்கீடு 2, 4, 6, 8, 20 என்றாகிறது. இரண்டு ரொட்டிகளுக்குக் குறைந்தால் பட்டினி என்று ஒரு கோடு கிழித்திருந்தோமானால், இப்பொழுது பட்டினி கிடப்பவர் எவருமில்லை. வறுமை நீங்கிவிட்டது. ஆனால் முதலாமவனைப்போல ஐந்தாமவன் பத்து மடங்கு பெறும் நிலை சிறிதும் மாறவில்லை. முன்பு அவர்களிடையே 9 ரொட்டி வேறுபாடு; இப்போது 18. வறுமை குறைந்தது, ஏற்றத்தாழ்வு நின்றது. இவ்வளவே அதன் இரகசியம். 1905 ஆம் ஆண்டில் லோரன்ஸ் என்னும் அமெரிக்கர் இதனை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். 1912 ஆம் ஆண்டில் கினி என்னும் இத்தாலியர் இதனை ஓர் எண்ணாகச் சுருக்கித் தந்தார். பெரிய வகுப்பு மாணாக்கர் அவ்வளைகோட்டைத் தாமே சதுரத்தாளில் வரையலாம்.

கோடு கிழிப்பதைப் பற்றிக் கூறினோம். உலக வங்கி 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மிகக் கொடிய வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 3 டொலர் என வைத்தது. இது நாணயமாற்றுக் கடையில் கிடைக்கும் 3 டொலர் அன்று. அமெரிக்காவில் 3 டொலருக்கு எவ்வளவு பண்டம் வாங்கலாமோ, அவ்வளவு பண்டத்தை அந்தந்த நாட்டில் வாங்கத் தேவையான பணம் என்பதே பொருள். அக்கோட்டுக்குக் கீழே உலகில் ஏறக்குறைய 80 கோடி மக்கள் வாழ்கின்றனர். இலங்கை தனக்கென வேறு கோடு வகுத்துள்ளது. 2016 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 4.1 பேர் ஏழைகள். பெருந்தோட்டத் துறையில் 8.8 பேர். 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படியோ, நாட்டில் 14.3, நகரங்களில் 6, தோட்டத் துறையில் 33.8. மூன்றே ஆண்டுகளில் தோட்ட மக்கள் நான்கு மடங்கு ஏழைகளாகிவிட்டார்களா? இல்லை. இடையில் கோடு புதிதாக, உயரமாகக் கிழிக்கப்பட்டது. முன்பு கோட்டுக்குச் சற்று மேலே நின்றிருந்த பெருந்திரளான மக்கள், கோடு உயர்ந்ததும் அதன் கீழ் வந்துவிட்டனர். வறுமையைப் பற்றிய எந்த எண்ணைக் கேட்டாலும், “கோட்டை எங்கே கிழித்தார்கள்?” என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் மாணாக்கருக்கு வர வேண்டும். கோடு எங்கே நின்றாலும், தோட்டத் துறையின் எண் நாட்டின் எண்ணைவிட இருமடங்குக்கு மேல் நிற்பதையும் அவர்கள் கவனிக்கத் தவறமாட்டார்கள்.

இங்கே உலக அறிஞர் அனைவரும் அறிந்த ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். வருமானம் குறைந்த நாடாயிருந்தும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் உயர்ந்து நின்ற நாடு என்று இலங்கை நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தது. பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது கல்வியையும் ஆயுளையும் சேர்த்து அளக்கவேண்டும் என்ற கருத்துடன் மஹ்பூப் உல் ஹக் என்னும் பாகிஸ்தானிய அறிஞர், அமர்த்தியா சென் போன்றோரின் துணையுடன், 1990 ஆம் ஆண்டில் மனித அபிவிருத்திச் சுட்டியை உருவாக்கினார். அவ்வகை அளவுகளில் இலங்கைக்கு நற்பெயர் கிடைத்தது. அது தகுதியுடைய பெயரே. எனினும் அது நாட்டின் சராசரி. தோட்டத் துறையினர் நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்கள். அவர்களுடைய எழுத்தறிவும் போஷாக்கும் நாட்டின் நிலைக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தும், சராசரியை அது பெரிதும் அசைக்கவில்லை. ரொட்டிக் கணக்கின் முதலாமவனைச் சராசரி மறைத்ததுபோல, நாட்டின் நற்பெயரும் மலையகத்தை மறைத்துவிட்டது.

மூன்றாவதாகக் கற்பிக்கவேண்டியது, வறுமைக்கு வரலாறு உண்டு என்பது. “எல்லாம் தலைவிதி” என்னும் சொல் லயன் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். விதிக்கு ஆண்டுக்கணக்குக் கிடையாது. ஆனால் மலையகத்தின் வறுமைக்கு ஆண்டுகளும் சட்டங்களும் உண்டு. ஆண்டு குறிக்கக்கூடியது எதுவும் மனிதர் செய்தது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றவும் கூடும்.

19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் நோயாலும் களைப்பாலும் மாண்டவர் பலர். 1869 ஆம் ஆண்டு முதல் கோப்பிச் செடியை இலைநோய் அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மறைந்தது, தேயிலை பரவியது, உழைத்தவர்கள் அங்கேயே நின்றனர். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நின்றது. ‘துண்டு’ என்று வழங்கிய கடன்சீட்டு தீர்ந்தாலன்றி ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல முடியாது. இம்முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தினால் நீக்கப்பட்டது. உழைத்தும் கடன் தீராதது ஏன் என்பதற்கு விடை, உழைப்பவனின் சோம்பலில் இல்லை, அந்தத் துண்டுச் சீட்டில் இருந்தது என்பதை மாணாக்கர் அறிவர்.

கல்வியின் கதையும் அத்தகையதே. தோட்டத்து உத்தியோகத்தர்கள் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தாக வேண்டும் என்று 1907 ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் அது ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே அமைந்தது. 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தது. ஆனால் அதன் பயன் தோட்டப் பாடசாலைகளுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 1970 களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கலாயிற்று. ஆகவே, மலையகத்துப் பிள்ளை பின்தங்கினான் என்றால், அவன் ஓட்டத்தில் மெதுவாக ஓடினான் என்று பொருளன்று. முப்பது ஆண்டுகள் பிந்தியே அவனை ஓடவிட்டார்கள் என்று பொருள்.

உரிமையின் கதை இவையிரண்டையும் விடக் கூர்மையானது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டமும் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை ஒரு கணக்குப்போலப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர் முடிவு செய்ய 1,50,000. அந்த எஞ்சிய தொகையை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. 1977 ஆம் ஆண்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவாகும்வரை, தேர்தலின் வழியே மலையகத் தொழிலாளரின் குரல் பாராளுமன்றத்தில் எழவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. வாக்கில்லாதவன் வீதி கேட்டால் யார் செவிசாய்ப்பார்? வாக்கில்லாதவள் பாடசாலை கேட்டால் யார் கட்டுவார்? வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று, கேட்கப்படாமையும் வறுமையே என்பதற்கு உலகில் இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இவ்வரலாற்றைத் துயரக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பதும் குறையுடையதே. மாற்றங்களையும் சொல்ல வேண்டும். ஹற்றனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் 1931 ஆம் ஆண்டில் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்னும் அநீதி 1984 ஆம் ஆண்டில் நீங்கியது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியராகிப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்றுத் தம் பாடசாலைகளுக்குத் திரும்பினர். 2015 ஆம் ஆண்டுக்குப் பின் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. லயன் வீடுகளில் இன்றும் பல குடும்பங்கள் இருப்பினும், மாற்றம் நிகழக்கூடியது என்பதற்கு இவை சான்று. இவை ஒன்றும் தாமாக நிகழ்ந்தவை அல்ல. யாரோ கேட்டதனால், யாரோ எழுதியதனால், யாரோ வேலைநிறுத்தம் செய்ததனால் நிகழ்ந்தவை.

நான்காவதாக, பிள்ளையின் பார்வை மலையை விட்டு வெளியே செல்ல வேண்டும். தன் துன்பமே உலகில் பெரிது என்று எண்ணுபவன் உலகத்தை அறிந்தவனாகான். அஸ்ஸாம் தோட்டங்களுக்குச் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலிருந்து ஆதிவாசி மக்கள் அழைத்துவரப்பட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும், மொரீசியஸ், பீஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழரும் பிற இந்தியரும் கப்பலேறினர். 1833 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டபின், மலிவான கைகளைத் தேடிய தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் பஞ்சம் பாதித்த கிராமங்களின்மீது விழுந்தது. அங்கிருந்து விரிந்த பெருவலையின் ஒரு கண்ணிதான் மலையகம். இலங்கையிலிருந்து திரும்பிச் சென்ற குடும்பங்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது; ஹற்றனில் பறித்த விரல்கள் கூடலூரில் பறித்தன. கென்யாவின் கெரிச்சோ மலைகளில் இதே செடியை வேறு மொழி பேசும் தாய்மார் பறிக்கின்றனர். அவர்கள் நமக்குப் போட்டியாளரா, உறவினரா? ஏலச் சந்தையில் அவர்கள் பறித்தது நாம் பறித்ததோடு போட்டியிடுகிறது. வாழ்க்கையிலோ அவர்கள் நம்மைப் போன்றவர்களே. இந்த வினாவை ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் விவாதித்தால், உலக வாணிகத்தைப் பற்றிய பெரிய நூல்கள் கூறும் சிக்கலை அவர்கள் தொட்டுவிடுவார்கள்.

இனி, கற்பிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். பாடப்பொருளைவிட இதில் முறையே முதன்மையானது.

வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையின் வீட்டையும் உதாரணமாக எடுக்கலாகாது. சப்பாத்து இல்லாதவர் எழுந்து நில்லுங்கள், காலையுணவு உண்ணாதவர் கை உயர்த்துங்கள் என்பன போன்ற கணக்கெடுப்புக்கள் வகுப்பறையில் வேண்டா. கற்பனைக் குடும்பம் ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு வரவு செலவு எழுதச் செய்யலாம். பிள்ளை தன் வீட்டில் கண்டதையே அதில் எழுதுவான். ஆனால் நாணமின்றி எழுதுவான்.

அடுத்து, வீட்டிலுள்ள பெரியோரை ஆசிரியராக்க வேண்டும். பாட்டியிடம் சென்று, அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நாட்பேருக்கு என்ன கூலி, அன்று ஒரு கொத்து அரிசி என்ன விலை, பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு எத்தனை மணிக்கு மலைக்குச் சென்றார் என்று கேட்டு எழுதி வரச்சொல்லலாம். கூலியை அரிசி விலையால் வகுத்துப் பார்த்தால், அக்காலக் கூலியையும் இக்காலக் கூலியையும் ஒப்பிடும் வழி பிறக்கும். பொருளியலார் மெய்க்கூலி என்று கூறுவது இதுவே. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்ட பாட்டி, அன்று பேரப்பிள்ளைக்கு வரலாறும் பொருளியலும் கற்பித்தவராகிறார். கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளில் அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலை போன்ற இடங்களுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்வதும் இவ்வகையில் பயன்தரும்.

நகரத்துப் பாடசாலைகளுக்கும் இப்பாடம் வேண்டும். ஆனால் அங்கே மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பையிலிருந்து தொடங்கிக் கொழுந்துக்கு வர வேண்டும். தான் பருகிய தேநீர் யாருடைய கையினூடே வந்தது என்று கேட்கும் கொழும்புப் பிள்ளையும், தன் தாய் பறித்தது யாருடைய கோப்பைக்குப் போயிற்று என்று கேட்கும் ஹற்றன் பிள்ளையும், ஒரு நாள் ஒரே வினாவில் வந்து சந்திப்பார்கள். ஒருவனுக்கு இரக்கமும் மற்றவனுக்கு நாணமும் ஊட்டுகின்ற கல்வியால் அச்சந்திப்பு நிகழாது. இருவருக்கும் ஒரே உண்மையைக் காட்டும் கல்வியாலேயே நிகழும்.

கல்வி கற்றால் வறுமை தீருமா என்று சிலர் கேட்கலாம். ஒருவனுடைய வறுமை தீரக்கூடும். அவன் மலையைவிட்டு இறங்கி ஓர் உத்தியோகத்தில் அமரக்கூடும். அதை நாம் வாழ்த்துவோம். ஆனால் எல்லோரும் இறங்கிவிட முடியாது. உலகம் தேநீர் பருகுவதையும் நிறுத்தப்போவதில்லை. எனவே, கொழுந்து பறிப்பவரும் மானத்தோடும் போதிய கூலியோடும் சொந்தக் கூரையோடும் வாழும் நிலையை உண்டாக்குவது எப்படி என்று சிந்திக்கும் தலைமுறையை உருவாக்குவதே இப்பாடத்தின் நோக்கம். தப்பிச் செல்லும் வழியை மட்டும் கற்பிக்கும் பள்ளி, ஒரு சிலரைக் காக்கும். காரணத்தைக் கற்பிக்கும் பள்ளியோ, எஞ்சியிருப்போரையும் நினைக்கும்.

மலைநாட்டில் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை பாடசாலையிலிருந்து வந்து, “அம்மா, இன்று எத்தனை கிலோ பறித்தீர்கள்?” என்று கேட்டால், அதை வீண் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பெருக்கியும் வகுத்தும் உலகத்தின் கணக்கை அவன் போட்டுப் பார்க்கட்டும்.